ஏழாம் தாளின் ஓரம்

ஆமாம், வரைந்தது நான்தான். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டபோது சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நன்றாகத்தான் கேட்டது. பக்கத்து அறையிலிருந்து கேட்பது போலக் கேட்டது. அதனால்தான் வைத்தேன். பதிலை முதல் வரியிலேயே எழுதிவிட்டால் மிச்சத்தை எழுதக் கை வரும் என்று இப்படித் தலையும் இல்லாமல் விளிப்பும் இல்லாமல் ஆரம்பித்திருக்கிறேன். ஏழாம் தாள். கீழே வலது மூலையில் 'வரைந்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் இருப்பது என் கையெழுத்து.

இனி முறையாக எழுதுகிறேன். அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும், உனக்குள் இருப்பது நல்லபடியாகப் புரண்டு படுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆறாம் மாதம் முடிகிறது என்று அப்பா நாட்காட்டியில் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறார். பக்கத்திலேயே இன்னொரு வட்டம், அது என் ஓய்வு நாள். இரண்டுக்கும் நடுவில் அம்புக்குறி போட்டு விமானம் ஒன்று வரைந்து வைத்திருக்கிறார், அது பார்ப்பதற்கு மீன் மாதிரி இருக்கிறது. அவருக்கு முழங்கால் வலி அப்படியேதான். ஆனால் தினமும் காலையில் பஸ் நிறுத்தத்துக்குப் போய் உட்கார்ந்து எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று பார்த்துவிட்டு வருகிறார். முப்பது வருஷம் ஓட்டியவர், இப்போது ஓட்டுகிறவர்களைத் திட்டாமல் அவருக்கு விடிவதில்லை. சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. உன் அறை ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டேன்.

நீ கேட்டது அதுவல்ல என்று தெரியும். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், வரிசையாக எழுதினால்தான் எந்த இடத்தில் தப்பியது என்று எனக்கே தெரிகிறது. கால்வாய்க் கரையில் பதினொரு வீடுகள். நான்காவது வீடு தையல் அத்தையுடையது. உனக்கு ஒன்றரை வயதில், நான் வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், உன்னை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனேன். அன்றிலிருந்து நீ பத்தாம் வகுப்பு முடிக்கும் வரை பள்ளி விட்டால் அந்த வீடு, நான் வேலை முடிந்து வந்து கூட்டிக்கொண்டு போகும் வரை அந்த வீடு. தையல் மிஷினுக்கு அடியில் நீயும் அவள் மகள் நெட்டையும் வெட்டுத் துணிகளை வைத்துக் குடித்தனம் நடத்துவீர்கள். உன் சாப்பாட்டுத் தட்டு அங்கே ஒன்று தனியாக இருந்தது. நான் போனால் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே உனக்குத் தெரிந்துவிடும், இன்னும் கொஞ்ச நேரம் என்று உள்ளிருந்து கத்துவாய். அந்தக் கொஞ்ச நேரத்தில் நானும் அவளும் வாசற்படியில் உட்கார்ந்து பேசுவோம். என்னைவிட நான்கு வயது சின்னவள். அக்கா என்றுதான் கூப்பிடுவாள், நீங்க என்றுதான் பேசுவாள், ஆனால் திட்ட வேண்டியதை எல்லாம் திட்டுவாள்.

என் வேலையைப் பற்றி நீ கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை, சொல்ல என்ன இருக்கிறது, கோடு போடுகிற வேலை. வாரியம் ஒரு பகுதியை எடுத்து, வீடுகளை மாற்றிச் சாலை போட்டு ஒழுங்கு செய்யப் போகிறது என்றால் முதலில் அளவையாளர் போய் வீடு வீடாக அளந்து அளவைப் புத்தகத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு வருவார். அதைப் பார்த்து நாங்கள் பெரிய தாளில் மையால் வரைய வேண்டும். இடம் பெரியதென்றால் ஒரு தாளில் அடங்காது. பல தாளாகப் பிரிப்போம். இரண்டு தாள் சந்திக்கிற ஓரத்தில் ஒரு கட்டடம் வந்துவிட்டால் பாதி இதில் பாதி அதில் என்று வரையக் கூடாது. சின்ன எண் உள்ள தாள்தான் அதை முழுதாக வரைய வேண்டும், ஓரக்கோட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் சரி. அடுத்த தாளில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட வேண்டும். எங்கள் அறையில் இது எங்கும் எழுதி ஒட்டப்படவில்லை, ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். கால்வாய்க் கரை வரிசை சரியாக ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் விழுந்தது. ஏழு என்னுடையது. எட்டு மை அண்ணனுடையது. மை அண்ணனை உனக்கு ஞாபகம் இருக்கும், சட்டைப் பையில் எப்போதும் ஒரு நீலக் கறையோடு வருவார், உன்னைப் பார்த்தால் காகிதத்தில் கப்பல் செய்து கொடுப்பார். போன வருஷம் தவறிப்போனார் என்று எழுதியிருந்தேன்.

நீ புறப்பட்ட நாள் ஒரு வியாழக்கிழமை. நான் மதியம் வரை அலுவலகத்தில் இருந்தேன். மறுநாளிலிருந்து மூன்று நாள் விடுப்பு, உன்னை விமானம் ஏற்றிவிட்டு வர. தாளில் எல்லாம் முடிந்து அந்த வரிசை மட்டும் மிச்சம் இருந்தது. பதினொரு கட்டங்கள், ஒரு மணி நேர வேலை. வந்து வரைந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் வந்தபிறகு மறுபடி எடுத்து மேசையில் விரித்து மூலைக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டுமே என்று அப்போதே கையெழுத்தை மட்டும் போட்டு வைத்தேன். வரைந்து முடிக்காத தாளில் 'வரைந்தவர்' என்று. ஏன் அப்படிச் செய்தேன் என்று இத்தனை நாளாக யோசிக்கிறேன். உன் பெட்டியின் பூட்டு சரியாக விழவில்லை என்று காலையில் அப்பா சொன்னார், வழியில் ஒரு பூட்டு வாங்க வேண்டும் என்பதுதான் அப்போது என் தலையில் இருந்தது. வேறெதுவும் இல்லை. திரும்பி வந்தபோது மேசையில் தாள் இல்லை, நகல் எடுக்கப் போயிருந்தது. ஒருவர் விட்டதை இன்னொருவர் முடித்து வைப்பது எங்களுக்குள் வழக்கம், மை அண்ணன் முடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவரும் அன்று மாலை எதிர் மேசையிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டார், ஏழு முடிஞ்சுதாம்மா என்று. முடிஞ்சது அண்ணே என்றேன். நீ போய்ச் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்த நாள் அது. அவர் என்ன கேட்டிருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவர் தாளில் அந்த இடம் வெறுமை. அது முறைப்படி சரி. என் தாளிலும் வெறுமை. இரண்டையும் ஒட்டி அச்சடித்தபோது கால்வாய்க் கரையில் ஒரு வெள்ளைப் பட்டை. தாளில் வெள்ளையாக இருந்தால் அங்கே யாரும் இல்லை என்று அர்த்தம். யாரும் இல்லாத இடம் வாரியத்தின் இடம். மேல் மாடியில் திட்டம் போடுகிறவர்கள் அந்தப் பட்டையைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டிருப்பார்கள், புதுச் சாலையை அகலமாக்க அளவெடுத்து வைத்தது போல இடம் கிடைத்திருக்கிறதே என்று. திட்டம் அரசிதழில் வந்தது. பிறகு கணக்கெடுப்பு ஆட்கள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய்க் கதவுகளில் வெள்ளைப் பெயிண்டால் எண் போட்டார்கள். எண் போட்ட வீட்டுக்கு இடிக்கும் முன் மாற்று மனை உண்டு. பதினொரு கதவுகளில் எண் விழவில்லை. தையல் அத்தை பெயிண்ட் போடுகிறவனைக் கூப்பிட்டுக் கேட்டாளாம். உங்க வரிசை என் தாள்ல இல்லம்மா, வேற ஆளு வருவாங்க என்று போய்விட்டானாம்.

இதற்கு மேல் எழுதப் போவது உன் சிநேகிதி நெட்டைக்குக்கூடத் தெரியாது. எண் விழாத அந்த வாரம் நான் தையல் அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். நீ போனபிறகு நான் அங்கே போவது குறைந்துவிட்டது, போனால் உன் தட்டு கண்ணில் படும். அன்று போனேன். அக்கா, ஊரெல்லாம் நம்பர் போட்டாங்க, எங்களை மட்டும் பெரிய மனுஷங்கன்னு விட்டுட்டாங்க போல என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நம்பர் விழலைன்னா திட்டத்துல நீங்க இல்ல, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது என்று சொன்னேன். நான் சொன்னேன், வாரியத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன், உனக்காக, அவளுக்காகச் சந்தோஷப்பட்டேன். முறையிடக் கொடுத்த காலம் அந்த மாதத்தோடு முடிந்தது. வரிசையில் இருந்த பதினொரு பேரும் முறையிடவில்லை. நான் சொன்னதை அவள் மற்றப் பத்து வீடுகளுக்கும் போய்ச் சொல்லியிருந்தாள்.

இடித்தது மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை. நான் பார்க்கவில்லை. அப்பா பஸ் நிறுத்தத்திலிருந்து வந்து சொன்னார், கால்வாய்ப் பக்கம் புல்டோசர் நிற்கிறது, புழுதியில் ஒன்றும் தெரியவில்லை என்று. மறுநாள் மாலை தையல் அத்தை நம் வீட்டுக்கு வந்தாள். மிஷினையும் இரண்டு மூட்டையையும் காப்பாற்றியிருக்கிறாள், சலவைக்கடைக்காரர் பின்பக்கம் ஒதுங்க இடம் கொடுத்திருக்கிறார். உட்காரவில்லை. நீங்க அங்கதானே அக்கா வேலை பாக்குறீங்க, எங்க தப்பாச்சுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க என்றாள். அழவில்லை, குழாய் வரியில் ஏதோ பிழை இருக்கிறது பாருங்கள் என்பது போலச் சொன்னாள். போகும்போது பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தாள். பிள்ளைக்கு ஆறு சட்டை. வெட்டுத் துணியில் தைத்தது, உள்பக்கம் உறுத்தாமல் தையலை எல்லாம் வெளியே வைத்துத் தைத்திருந்தாள். இடிக்க வருவதற்கு முந்தைய நாள் காஜா எடுத்து முடித்ததாம். எந்த மாசம்னு சொன்னீங்க என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் ஏழாம் தாளை எடுத்துப் பார்த்தேன். வெள்ளை. மூலையில் என் கையெழுத்து. பிறகு என் இருக்கைக்குப் பின்னால் உள்ள அலமாரியிலிருந்து அளவைப் புத்தகத்தை எடுத்தேன். நாற்பத்தொன்றாம் பக்கம். பதினொரு கட்டம் இருந்தது, அளவு இருந்தது, வாசல் எந்தப் பக்கம் என்பதற்குச் சிறு கோடு இருந்தது. நான்காவது கட்டத்துக்குள் அளவையாளர் பென்சிலால் 'தையல்' என்று எழுதியிருந்தார். அவர் பார்த்திருக்கிறார். அந்த வீட்டை அதற்கு முன் ஒரு நாளும் மிதிக்காதவர் பார்த்து, எழுதி, என் மேசையில் கொண்டு வந்து வைத்திருக்கிறார். புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பத்தொன்பது நாள். தினமும் போனேன், பென்சில் சீவினேன், வந்தேன். தையல் அத்தை இரண்டு தடவை நம் வீட்டுக்கு வந்து கேட்டாள், பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அது பொய் இல்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நெட்டை மனுக் கொடுக்க வந்த இடத்தில் அறிவிப்புப் பலகையில் தாளைப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு என் கையெழுத்து தெரியாமலா இருக்கும், பள்ளிச் சுற்றுலாவுக்கு உனக்கும் அவளுக்கும் சேர்த்து நான்தானே போட்டுக் கொடுப்பேன். அவள் அம்மாவிடம் சொல்லவில்லை என்று சொன்னாய். என்னிடமும் கேட்கவில்லை. உன்னிடம் கேட்டாள். அவளைப் பற்றி நினைத்தால் எனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

உன் போனை வைத்த மறுநாள் பிரிவு அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். கெட்டவர் இல்லை. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், அம்மா என்றுதான் கூப்பிடுவார். எல்லாம் கேட்டார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். விடுபட்ட வீடுகளைச் சேர்க்க ஒரு துணைப் பட்டியல் போட வழி இருக்கிறதாம், ஆனால் வரைவில் பிழை என்று வாரியத்துக்குள்ளிருந்தே யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும், அதுவும் அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள். நான் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். கொடுத்தால் உங்கள் மேல் விசாரணை வரும், விசாரணை முடியும் வரை ஓய்வுக் காகிதம் நகராது, ஊரை விட்டுப் போக அனுமதி கிடைக்காது, இதெல்லாம் ஒரு வருஷமாவது இழுக்கும், உங்கள் மகள் பிரசவத்துக்குப் போக வேண்டும் என்றீர்களே என்றார். பிறகு மேசையில் இருந்த குண்டூசி டப்பியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே சொன்னார்.

"போனவர் போயிட்டார். அவருக்கு என்ன விசாரணை வைக்கப் போறாங்க? எட்டாம் தாள்ல விட்டுப்போச்சுன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா. அந்தப் பதினொரு பேருக்கும் இடம் கிடைச்சுடும். நீங்க பேரப்பிள்ளையப் பாக்கப் போங்க."

ஓரங்களைப் பற்றிய அந்த வழக்கம் எங்கும் எழுதப்படவில்லை என்று சொன்னேனே. அதனால் அப்படி எழுதினால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். என்னைத் தவிர அந்த அறையில் அப்போது இருந்தவர்கள் யாரும் இப்போது இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். உடனே மறுத்தேன் என்று எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது. மறுக்கவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். ஒரு வரிதானே, வீடுகளும் கிடைக்கும், நானும் உன் பக்கத்தில் இருப்பேன், மை அண்ணன் இருந்திருந்தால் அவரே எழுதச் சொல்லியிருப்பார் என்றெல்லாம் யோசித்தேன். அவர் சொல்லியிருக்கக்கூடியவர்தான். அதுதான் கஷ்டம். மூன்றாம் நாள் விடுப்புக் கடிதம் கொடுக்கத் தபால் பிரிவுக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருப்பது மை அண்ணனின் மகள். அவர் இறந்தபிறகு அவர் குடும்பத்துக்கென்று கொடுத்த வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. வருகிற ஒவ்வொரு காகிதத்தையும் வாங்கி, முத்திரை குத்தி, பதிவேட்டில் எண் போட்டு, 'பொருள்' என்ற இடத்தில் அது எதைப் பற்றியது என்று அவள் கையால் எழுத வேண்டும். நான் அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்தால் அதுவும் அவள் மேசைக்குத்தான் வரும். அவள் விரலிலும் மைக்கறை இருந்தது. முத்திரைப் பெட்டியின் மை. வேறொன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும், நம்பர் விழவில்லை என்றால் ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னது உட்பட. கேட்டுக்கொண்டே முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, நாம புள்ளைய வளத்த வீடே மேப்புல இல்லையா, அப்ப நம்ம புள்ள எங்க வளந்துச்சாம் என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது முடியவில்லை. எழுந்து போய் நாட்காட்டியில் அந்த விமானத்தை ரப்பரால் அழித்தார். அழித்துவிட்டு, லேசாத் தெரியுது பாரு என்றார்.

அதனால் கண்ணு, நான் வர மாட்டேன். வரலாம், முடிந்தால் பார்க்கலாம் என்றெல்லாம் எழுதி உன்னைக் காத்திருக்க வைக்கக் கூடாது. பிரசவத்துக்கு அம்மா இருக்க மாட்டாள் என்று இப்போதே தெரிந்துகொள், வேறு ஏற்பாடு செய்துகொள். மாப்பிள்ளையிடம் விடுப்பு இப்போதே எழுதிக் கொடுக்கச் சொல், கடைசி நேரத்தில் தரமாட்டார்கள். மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறு. இடுப்பு வலித்தால் இடது பக்கம் திரும்பிப் படு, முழங்காலுக்கு நடுவில் தலையணை வை. முதல் மாதம் பிள்ளை எதற்கு அழுகிறது என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியவில்லை, பயப்படாதே. உன்னைக் குளிப்பாட்டக் கற்றுக்கொண்டதே நான் தையல் அத்தையிடம்தான். நீ அங்கிருந்து இதைப் படிக்கும்போது, நான் புறப்பட்ட நாளில்தானே என்று உனக்குத் தோன்றும். தோன்றக் கூடாது. பூட்டு வாங்கினது சரி. கையெழுத்துப் போட்டதுதான் தவறு. இரண்டும் ஒரே மதியத்தில் நடந்தது, அவ்வளவுதான். நெட்டைக்கு நீ பதில் சொல்லாதே, நானே சொல்கிறேன். இரும்புச் சத்து மாத்திரையை மறக்காமல் போடு, போன தடவை பரிசோதனையில் குறைவு என்றார்களே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் வரப்போகிறதற்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு, அது வந்து சேர யாருடைய அனுமதியும் வேண்டாம்.

அன்புடன்,
உன் அம்மா

திங்கட்கிழமை மாலை. உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். காலையில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏழாம் தாள், வரைந்தவர் நான், வரைந்து முடிக்கும் முன் கையெழுத்திட்டேன், எட்டாம் தாளில் பிழை இல்லை. அளவைப் புத்தகத்தின் நாற்பத்தொன்றாம் பக்கத்தை நகலெடுத்து இணைத்தேன். மை அண்ணனின் மகள் அதைப் 'பொருள்' எழுதுவதற்காகப் படிக்க ஆரம்பித்து, முழுதும் படித்தாள். எங்கப்பா பேரு வரும்னு மாடியில சொன்னாங்க அத்தை என்றாள். வராது என்றேன். முத்திரை குத்தினாள். மதியமே எனக்கு ஓலை வந்துவிட்டது, அனுமதியின்றி ஊரை விட்டுப் போகக் கூடாது என்று. துணைப் பட்டியலுக்குக் கோப்பு மேலே போயிருப்பதாகப் பிரிவு அதிகாரி சொன்னார். கிடைக்குமா என்று கேட்டேன். போயிருக்கு என்று மறுபடி சொன்னார்.

அலுவலகம் விட்டதும் சலவைக்கடைக்குப் போனேன். பின்பக்கம் ஈரத் துணிகளுக்கு நடுவில் மிஷினைப் போட்டு ஒரு தலையணை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். தாள், கையெழுத்து, நான் சிரித்துக்கொண்டே சொன்னது, பத்தொன்பது நாள். ஓரம் முடியும் வரை மிதிப்பதை நிறுத்தவில்லை. முடிந்ததும் நூலை வெட்டினாள்.

"பதினாலு வருஷம் என் வாசல்ல செருப்பைக் கழட்டி வெச்சிருக்கீங்க அக்கா. அந்த வாசலைப் புல்டோசர் வர்றதுக்கு முன்னாடியே இடிச்சவங்க நீங்கதானா?"

  அடுத்த உறையை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்தாள். நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை, சலவைக்கடைக்காரர் இரண்டு தடவை துணி எடுக்க வந்து போனார். புறப்படத் திரும்பியபோது, பிள்ளைச் சட்டையெல்லாம் அனுப்பிட்டீங்களா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன்.

"அனுப்புங்க. சின்னதாப் போயிடும்."

நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஆறு சட்டைகளையும் மடித்துத் துணிப்பையில் வைத்துத் தைத்தேன். மேலே உன் முகவரியை மடிப்பில் விழாமல் நடுவில் எழுதினேன். அப்பாவைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன்.